தாழ மிதந்த வாத்துகள்

காலையில் ஷெட்டின் இரும்புக் கதவைத் தூக்கிவிட்டதும், முந்தின நாள் பள்ளத்தை நிரப்பப் பட்டிப் பசை வைத்துத் தேய்த்த கார் கதவை உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்ப்பார் அவர். கண்ணை அவ்வளவாக நம்ப மாட்டார். வெளிச்சம் மாறினால் கண் ஏமாறும், கை ஏமாறாது என்பது அவர் கட்சி. மேடோ பள்ளமோ இருந்தால் விரல் நின்றுவிடும். நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

தெருவில் அவருக்கு டச்சப் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் இருந்தது. நசுங்கி, கீறி, முகம் சிதைந்து வந்த வண்டியை அவர் திருப்பிக் கொடுக்கும்போது, எந்தப் பக்கம் அடிபட்டது என்று வண்டிக்காரரே சுற்றிச் சுற்றித் தேடுவார். கண்டுபிடிக்க முடியாமல் அவர் முழிக்கும் அந்த அரை நிமிடத்துக்காகத்தான் டச்சப் இருபது வருஷமாகப் பெயிண்ட் கரைக்கும் தின்னரை முகர்ந்துகொண்டிருந்தார். அடிபட்டதே தெரியக்கூடாது, அதுதான் வேலை என்பார்.

பக்கத்து ஷெட் அவர் மச்சானுடையது, அதாவது மனைவியின் அண்ணன். எஞ்சின் வேலை, ஆயில் மாற்றுவது எல்லாம் அங்கே. இரண்டு ஷெட்டுக்கும் ஒரே சிமெண்டுத் தரை, ஒரே சாக்கடை. அந்தச் சாக்கடை தெருவுக்குப் பின்னால் முந்நூறு அடி ஓடி ஒரு குளத்தில் விழுந்தது.

டச்சப்புக்கு ஒரே மகள். பதினைந்து வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். அப்பாவின் கை அவளுக்கு வந்திருந்தது. ஆனால் கண் வேறு. அப்பாவுக்கு ஒரு பொருளைப் பார்த்தால் அது எப்படி இருக்க வேண்டும் என்று தோன்றும். மகளுக்கு அது எப்படி இருக்கிறது என்று மட்டும் தெரியும். இந்த வித்தியாசம் அந்த வீட்டில் யாருக்கும் அப்போது புரியவில்லை.

பள்ளியில் ஓவிய டீச்சர் அந்த வருஷம் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஏதாவது ஓர் உயிரை எட்டு வாரம், ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடத்தில் உட்கார்ந்து வரைய வேண்டும். அக்ரிலிக் வண்ணம். தாளின் பின்னால் தேதி மட்டும் எழுத வேண்டும், விளக்கம் எதுவும் கூடாது. "படம் பேசணும், நீங்க பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டார் டீச்சர். நன்றாகச் செய்பவர்களில் ஒருவரின் படங்கள் அடங்கிய கோப்பை ஓவியப் பள்ளிக்கு அவரே பரிந்துரை செய்து அனுப்புவார். பாப்பாவுக்கு அந்தப் பள்ளியில் இடம் வேண்டும். அதைவிட அதிகமாக அவள் அப்பாவுக்கு வேண்டும்.

அவள் குளத்து வாத்துகளைத் தேர்ந்தெடுத்தாள். ஏழு காட்டு வாத்துகள். பழுப்பு உடம்பு, மஞ்சள் நுனி வைத்த மூக்கு. அவற்றில் ஒன்றுக்கு இடது சிறகில் மட்டும் வெள்ளைத் திட்டு. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மடக்கு நாற்காலி, அட்டை, ஈரத்துணி விரித்த வண்ணத் தட்டு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போவாள். அக்ரிலிக் சட்டென்று காய்ந்துவிடும், ஈரத்துணிமேல் வைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். அந்த உபாயத்தைச் சொல்லிக் கொடுத்தது அப்பாதான்.

முதல் மூன்று படங்களைப் பார்த்துவிட்டு டீச்சர் தோளில் தட்டினார். ஏழு வாத்துகளும் தண்ணீர்மேல் காகிதக் கப்பல் கணக்காய் லேசாக நின்றன. வால் நனையாமல் தூக்கியிருந்தது. "மிச்சத்தை இப்ப காட்டாதே. எட்டையும் ஒண்ணா வரிசையா மாட்டி, நான் முதல் தடவையா அங்க பாக்கணும்" என்றார் டீச்சர்.

மூன்றாம் வாரத்துக்குப் பிறகு ஒரு சின்ன விஷயம் நடந்தது. மச்சான் ஷெட்டிலிருந்து கழிவு ஆயிலை எடுத்துப்போகும் வண்டி வராமல் நின்றுவிட்டது. பீப்பாய் நிரம்பி வழிந்தது.

"எங்கே கொண்டுபோய்க் கொட்டச் சொல்றே, மாப்ள? என் தலையிலயா ஊத்திக்க முடியும்?" என்றார் மச்சான். "தினம் ரெண்டு பக்கெட், சாயந்திரம் தரை கழுவுற தண்ணியோட போயிடும். வண்டி வர்ற வரைக்கும்தானே."

டச்சப் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். மிச்சத் தின்னரை அவரும் அதே சாக்கடையில்தான் ஊற்றிக்கொண்டிருந்தார். 

நான்காம் சனிக்கிழமை பாப்பா குளத்திலிருந்து நேராக ஷெட்டுக்கு வந்தாள். டச்சப் ஒரு கதவுக்குப் பட்டி இழுத்துக்கொண்டிருந்தார். பட்டி இறுகுவதற்குள் இழுத்து முடிக்க வேண்டும், அதனால் திரும்பவில்லை.

"அப்பா, வாத்தெல்லாம் தாழ மிதக்குது."

"கரையில தாழ உக்காந்து பாத்தா அப்படித்தான் தெரியும் பாப்பா."

"அதே நாற்காலிதான்ப்பா. போன வாரம் இப்படி இல்ல. வால் தண்ணியில கிடக்குது."

"நல்லா தின்னு கொழுத்திருக்கும்" என்று பக்கத்து ஷெட்டிலிருந்து மாமா குரல் கொடுத்தார். இரண்டு பெரியவர்களும் சிரித்தார்கள். பாப்பா கொஞ்ச நேரம் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. படம்தான் பேச வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தாரே. கண்காட்சிக்கு ஊர்ச் சுகாதார அதிகாரி தலைமை விருந்தினராக வருகிறார் என்று பள்ளிப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து அவள் இன்னும் கவனமாக வரைந்தாள்.

எட்டாவது படத்தை முடித்த சனிக்கிழமை மாலை, எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, கோப்பின் நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளும் அம்மாவும் பிரசவமான சித்தியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டச்சப் வீட்டில் தனியாக இருந்தார். தனியாக இருக்கும் அப்பாமார்களின் கை சும்மா இருக்காது.

பிரித்துப் பார்த்தார். மூன்று படங்கள் வரை முகம் மலர்ந்தது. நான்காவதில் சுருங்கியது.

வாத்துகள் பாதி முழுகிக் கிடந்தன. ஐந்தாவது படத்தில் இன்னும் கீழே, முதுகும் கழுத்தும் மட்டும் தெரிந்தன. எண்ணிக்கையும் குறைந்துகொண்டே போனது. ஆறு, பிறகு ஐந்து, கடைசிப் படத்தில் வெறும் மூன்று. மார்பில் அசிங்கமான கறுப்பு வரி. தண்ணீரிலும் சுத்தமில்லை, ஊதாவும் பச்சையும் மஞ்சளும் வளைந்து வளைந்து கலங்கியிருந்தது.

'கடைசியில அவசரப்பட்டுடுச்சு பிள்ளை' என்று நினைத்தார். 'பிரஷ்ஷைக் கூடச் சரியா கழுவலை, கலர் கலந்துபோச்சு. ஏழு வாத்து போட அலுப்பு, மூணோட நிறுத்திடுச்சு.' தன் ஷெட் தரையில் தினமும் சாயந்திரம் மிதிக்கிற அதே ஊதாவும் பச்சையும் மஞ்சளும்தான் அது என்று அவருக்கு உறைக்கவில்லை. காலில் பட்டதைக் காகிதத்தில் அவர் அடையாளம் காணவில்லை.

அன்று மத்தியானம் அவர் செய்த வேலையை வேலை என்று மட்டும் பார்த்தால் குறை சொல்ல முடியாது. மகளின் நீலத்தில் துளி பழுப்புச் சேர்த்து, ஒரு மூலையில் தொட்டுப் பார்த்து, காய்ந்ததும் எந்த நிறம் வரும் என்று கணக்கிட்டு, அப்படியே அதே தண்ணீர் நிறத்தைக் கொண்டுவந்தார். கலங்கலை மூடினார். வாத்துகளின் வயிற்றுக்குக் கீழே வெளிச்சக் கோடு இழுத்து ஒவ்வொன்றையும் இரண்டு விரல் அளவு மேலே தூக்கினார். வாலை நிமிர்த்தினார். கறுப்பு வரியைத் துடைத்தெடுத்தது போலப் பழுப்பு பூசினார். முதல் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இல்லாத வாத்துகளை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். வெள்ளைத் திட்டுக்காரனையும் மறக்கவில்லை. ஐந்து படங்களிலும் ஏழு ஏழாக நிறைந்த பிறகு, தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். எந்தக் கை எங்கே முடிந்து எந்தக் கை எங்கே தொடங்கியது என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. அதே இரட்டை முடிச்சைப் போட்டு, கோப்பை இருந்த இடத்தில் வைத்தார்.

மகளிடம் சொல்லவில்லை. செய்ததே தெரியக்கூடாது, அதுதானே வேலை. திங்கட்கிழமை காலை அவள் முடிச்சை அவிழ்க்காமல் கோப்பைக் கொண்டுபோய் டீச்சரிடம் கொடுத்துவிட்டாள்.

கண்காட்சி அன்று மாலை டச்சப் நகத்திலிருந்த பெயிண்டைச் சுரண்டிவிட்டு, இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பள்ளி மண்டபத்தின் நீளச் சுவரில் எட்டுப் படங்களும் வரிசையாகத் தொங்கின. கீழே 'முதல் பரிசு' என்று ஒரு அட்டை. பாப்பா பின்னால் பெஞ்சுகளை இழுத்துப் போடும் வேலையில் இருந்தாள், இன்னும் பார்க்கவில்லை. சுகாதார அதிகாரி அந்த வரிசையை நிதானமாக நடந்து முடித்தார்.

"நம்ம குளத்துலயா இவ்வளவு வாத்து இருக்கு? எட்டு வாரமும் ஒண்ணுகூடக் குறையலையே. தண்ணி நல்லாதான் இருக்குன்னு அர்த்தம். ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு அடுத்த சுவருக்கு நகர்ந்தார்.

அதைக் கேட்டுத்தான் பாப்பா திரும்பினாள். வேகமாக வந்தாள். முதல் மூன்று படங்களைத் தாண்டி நான்காவதன் முன் நின்றாள். பிறகு மெதுவாக ஒவ்வொன்றாக நடந்து எட்டாவதுக்குப் போனாள். அவள் முகத்தில் மலர்ச்சி வருவதைப் பார்க்கத் தூணுக்குப் பக்கத்தில் காத்திருந்தார் அப்பா.

அவள் வெள்ளைத் திட்டு வாத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இது செத்துப் போச்சு. போன மாசமே" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பிறகு டீச்சர் பக்கம் திரும்பினாள். "டீச்சர், இதுல அஞ்சு படம் நான் போட்டது இல்ல."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. டச்சப் முன்னால் வந்தார்.

"நாந்தான் டீச்சர், சும்மா கொஞ்சம் சரி பண்ணினேன். கடைசியில பிள்ளை அவசரத்துல விட்டுடுச்சு. வாத்தெல்லாம் முழுகிட்டு இருந்துச்சு."

"முழுகிட்டுதான்ப்பா இருந்துச்சு" என்றாள் மகள்.

டீச்சர் நான்காவது படத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கிட்டப் போய்ப் பார்த்தார். முதல் பரிசு அட்டையை அவரே கழற்றி எடுத்தார். அடுத்தவர் கை பட்ட கோப்பை ஓவியப் பள்ளிக்கு அனுப்ப முடியாது. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. "நானாவது நடுவுல ஒரு வாரம் கேட்டிருக்கணும்" என்றார்.

டீச்சர் திருப்பிக் கொடுத்த கோப்பைச் சுமந்துகொண்டு, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் நாலடி முன்னாலேயே நடந்தாள். தெருமுனையில் அவராலேயே தாங்க முடியவில்லை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே பாப்பா."

"சொன்னேன்ப்பா. நீங்க பட்டி இழுத்துட்டிருந்தீங்க."

மறுநாள் காலை ஷெட்டைத் திறக்காமல் டச்சப் குளத்துக்குப் போனார். முந்நூறு அடிதான். எட்டு வாரத்தில் ஒரு நாள்கூட வந்ததில்லை. கரையில் மகளின் மடக்கு நாற்காலி அழுத்திய நான்கு பள்ளங்கள் இருந்தன, ஒரு விரற்கடைகூட நகராமல். அதற்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

தண்ணீரில் ஒரு வாத்தும் இல்லை. கரையோரப் புல்லில் ஒன்றே ஒன்று உட்கார்ந்திருந்தது. இறகெல்லாம் ஈரத்தில் ஒட்டி உடம்பு பாதியாகத் தெரிந்தது. மூக்கால் மார்பைக் கோதிக்கொண்டே இருந்தது, நிறுத்தாமல். தண்ணீர் ஒட்டாத இறகு இருக்கும்வரைதான் வாத்து மிதக்கும். அதில் ஆயில் ஏறிவிட்டால் இறகு தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்துவிடும். குளிர் உள்ளே போகும். இது அவருக்கு முன்பே தெரியாத விஷயமல்ல. நினைத்துப் பார்க்கத் தோன்றாத விஷயம்.

கையைத் தண்ணீரில் விட்டு எடுத்தார். விரல்களில் மெல்லிய படலம் ஒட்டியது. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருபது வருஷமாக அவர் சட்டையில் இருக்கும் வாசனை அது. கை ஏமாறாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், அந்தக் கையை மகள் சொன்ன அன்றைக்கே இங்கே கொண்டுவந்திருக்கலாம். அன்றைக்கு ஏழும் இருந்தன.

வீட்டுக்கு வந்து எட்டாவது படத்தை மேசையில் விரித்தார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, ஓரத்திலிருந்து மெதுவாகத் துடைத்தார். வண்டியில் மேல்பூச்சை எடுத்தால் அடியில் பழைய நிறம் அப்படியே இருக்கும், எத்தனையோ முறை எடுத்திருக்கிறார். இங்கே அவர் பூசிய நீலம் கரைந்தது, கூடவே மகளின் நீலமும் கரைந்தது. அவர் வைத்த வாத்தும் அவள் பார்த்த வாத்தும் ஒரே பழுப்புச் சேறாகப் பஞ்சில் வந்தன. இன்னும் லேசாகத் துடைத்தார். வெறும் காகிதம் தெரிந்தது.

மருந்துக்கடையில் காலை வேலை முடிந்து வந்த மனைவி வாசலில் நின்று அதைப் பார்த்தாள்.

"நல்லா பொருத்தமா கலர் கலக்குவீங்கன்னு பெருமைப்படுவேன்" என்றாள். "இவ்வளவு பொருத்தமா கலந்திருக்க வேண்டாம்ங்க."

அவர் மகளிடம் போனார். நினைவிலிருந்து மறுபடி வரைந்து கொடுக்கச் சொல்லி, டீச்சர் காலில் விழுந்தாவது பரிந்துரை வாங்கித் தருவதாகச் சொன்னார். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் பாத்துதான் போடுவேன்ப்பா. அங்க இப்ப பாக்க ஒண்ணும் இல்ல."

திங்கட்கிழமை டச்சப் சுகாதார அலுவலகத்துக்குக் கிளம்பினார். மச்சான் வழிமறித்தார்.

"உனக்கேன் மாப்ள வேண்டாத வேலை? நாலு வாத்து செத்ததுக்கு நம்ம ரெண்டு பேர் ஷெட்டையும் மூட வைக்கப் போறியா?"

"சாக்கடையை மூடத்தான் போறேன் மச்சான். ஷெட்டை அவங்க பாத்துக்கட்டும்."

அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. பீப்பாய், இரண்டு பக்கெட், தின்னர், எந்த வாரத்திலிருந்து, மகள் தேதி போட்டு முதலில் வரைந்தது வேறு என்று எல்லாவற்றையும் சொன்னார். தன் பங்கை முதலில் சொன்னார்.

அதிகாரி குழம்பிப்போய்ப் பார்த்தார். "நான் படத்துல பாத்தேனே, எல்லாம் நல்லா இருந்துச்சே. அதனாலதான் இந்த மாசம் பரிசோதனைப் பட்டியல்லேர்ந்து உங்க குளத்தை எடுத்துட்டேன்." பிறகு பேனாவை எடுத்தார். "சரி, உங்க பொண்ணு தேதி போட்டு வரைஞ்சதாச் சொன்னீங்களே. எப்ப ஆரம்பிச்சுது, எவ்வளவு வேகமாப் பரவுச்சுன்னு அதைப் பாத்தாத் தெரிஞ்சிடும். அந்த ஒரிஜினல் படம் கிடைக்குமா?"

டச்சப்பின் பார்வை அவர் கைகளுக்குப் போனது. நகக்கண்ணில் இன்னும் துளி நீலம் இருந்தது.

"இல்ல சார். எம் பொண்ணு கண்ணால கண்டதை வரைஞ்சா. நான் எனக்குப் பிடிச்ச மாதிரி மாத்திட்டேன். நீங்க பாத்து சந்தோஷப்பட்டது என் வேலை."  நகக்கண்ணைத் தேய்த்தபடியே தொடர்ந்தார். "ஒரு விஷயம் சொல்றேன் சார், அடுத்த தடவை பள்ளிக்கூடத்துக்குப் பேசப் போனீங்கன்னா பெத்தவங்ககிட்டச் சொல்லுங்க. பிள்ளைங்க செஞ்சதுல தப்பு கண்டுபிடிச்சுத் திருத்தறதுக்கு முன்னாடி, நீ என்ன பாத்தேன்னு ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க. தப்பு அவங்க படத்துல இருக்காது. நாம செஞ்ச தப்பைத்தான் அவங்க வரைஞ்சிருப்பாங்க."

அந்த வாரமே சாக்கடை வாயை அடைத்தார்கள். இரண்டு ஷெட்டுக்கும் எச்சரிக்கை ஓலை வந்தது. மச்சான் இரண்டு மாதம் பேசவில்லை. பள்ளி வருஷம் முடிந்தது, ஓவியப் பள்ளிக்கு வேறொரு மாணவியின் கோப்பு போனது. கரையில் இருந்த கடைசி வாத்து எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

பாப்பா சனிக்கிழமைகளில் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. வண்ணங்களை எடுத்துப் போவதில்லை. திரும்பி வரும்போது டச்சப் ஷெட் வாசலிலேயே நிற்பார். உள்ளே பட்டி இறுகிக் கல்லாகிக்கொண்டிருந்தாலும் நிற்பார்.

"இன்னைக்கு என்ன பாத்தே பாப்பா?"

"தண்ணிதான்ப்பா. வெறும் தண்ணி."

அவர் சரி என்று தலையாட்டுவார். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்ப்பதில்லை.